போல்ட் இறுகினால் நெக் டையைத் திருகாதீர்கள்

சுட்ட தோட்டாக் கூடுகளை (கேஸ்) மீண்டும் நிரப்பிச் சுடுபவர்களிடமிருந்து இந்த மாதத்தில் வரும் மூன்றாவது ரைஃபிள் இது. தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் முழுத் தோட்டா, அதை மூடும் போல்ட் பாதியில் நிற்கிறது, மூடவும் இல்லை திறக்கவும் இல்லை. கைப்பிடியில் மரச்சுத்தியின் தடம் வேறு. உரிமையாளர் அதை அப்படியே வண்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். முதலில் ஒரு போன் செய்திருக்கக் கூடாதா?

விசாரித்தால் அதே பழைய கதை. ஒரே கேஸ்களை ஐந்து முறை சுட்டு, ஒவ்வொரு முறையும் புல்லட்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் நெக் டை என்ற அச்சால் சைஸ் செய்திருக்கிறார், அதாவது பழைய அளவுக்குச் சுருக்கியிருக்கிறார். நான்காவது முறையே போல்ட் இறுக்கமாகத்தான் மூடியது. 'டை போதுமான அளவு இறங்கவில்லை போல' என்று கால் சுற்று கீழே திருகினார். சரியாகவில்லை. இன்னும் கால் சுற்று.

எத்தனை முறைதான் சொல்வது! நெக் டை கழுத்தைத் தவிர வேறெதையும் சைஸ் செய்யாது. கேஸின் உடலைத் தொடாது, உடல் கழுத்தாகக் குறுகும் தோளைப் பின்னுக்குத் தள்ளாது. போல்ட் இறுகுவதோ உடலாலும் தோளாலும். சுடும்போதெல்லாம் பித்தளை சேம்பர் அளவுக்கு விரிகிறது. ஒவ்வொரு முறையும் அந்த அளவை இன்னும் நெருங்குகிறது. சில சுற்றுகளில் இடைவெளியே இல்லாமல் போகிறது. இதற்கு நெக் டை என்ன செய்யும்? அளவுக்கு மீறித் திருகினால் டை தோளின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்தும். பக்கத்தில் தாங்க ஏதும் இல்லாததால் தோளின் ஓரம் பிதுங்கும். இறுக்கம் கூடும். அவருடைய கேஸ்களில் அந்தப் பிதுக்கம் விரல் நகத்துக்கே தட்டுப்பட்டது.

தீர்வு, கேஸ் முழுவதையும் சைஸ் செய்யும் ஃபுல் லெங்த் டையில் இருக்கிறது. தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போதும், அளக்கும் காலிப்பரில் கம்பேரேட்டர் (தோளின் இடத்தைக் காட்டும் துணைக்கருவி) வைத்து அளந்து பாருங்கள். அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடாதீர்கள். தோள் அதிகம் போனால் சுடும்போது கேஸ் நீளும், அடிப்பக்கம் மெலிந்து கடைசியில் இரண்டாகப் பிரியும். அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால் அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்கள்.

நெக் டையை அமைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கழுத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். டையை, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் கேஸை வெளியே எடுத்து மை எதுவரை தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தோளுக்குச் சற்று முன்னால், ஒரு மில்லிமீட்டர் அளவு மை மிச்சமிருக்கும்போது நிறுத்தி, டையை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்குங்கள். சைஸ் ஆகாத அந்தத் துண்டு, தோட்டா சேம்பரின் நடுவில் உட்கார உதவும். கழுத்தைச் சுற்றிலும் கவ்வி அழுத்தும் காலட் வகை டை வேறு மாதிரி, அதற்கு அதன் கையேடுதான். கேஸ் இல்லாமல் மட்டும் அதை இயக்காதீர்கள்.

கேஸை டைக்குள் ஏற்றி இறக்கும் ராமை இறக்கும்போது 'கிரீச்' என்று சத்தம் வருகிறதா? உலர்ந்த கழுத்துக்குள், அதன் உள்ளளவைச் சரிசெய்யும் எக்ஸ்பாண்டர் குமிழ் உரசுகிறது. அது தோளையும் சேர்த்து இழுத்துவிடும். கழுத்தின் உள்ளே கொஞ்சம் உலர் கிராஃபைட் தடவுங்கள். கேஸ் நீளத்தையும் விடாதீர்கள்: .308 வின்செஸ்டருக்கு உச்சம் 2.015 அங்குலம். அதைத் தாண்டிய கேஸ் வாய், சேம்பரின் முன்முனையில் இடித்துப் புல்லட்டைக் கவ்வும், அழுத்தம் எகிறும்.

அப்புறம், ஒரு ரைஃபிளில் சுட்ட கேஸை நெக் சைஸ் மட்டும் செய்து இன்னொன்றில் போடாதீர்கள். அதே காலிபர்தானே என்று வாதாட வராதீர்கள். இரண்டு சேம்பர்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு நெக் சைசிங்கே வேண்டாம்.

இதையெல்லாம் மீறி முழுத் தோட்டா சிக்கிவிட்டால், தயவுசெய்து, தட்டாதீர்கள். குழல் வழியாகக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, இருக்கும் இடத்திலிருந்தே துப்பாக்கி பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். நாங்கள் வருகிறோம்.