பன்றி வால்விலிருந்து செல்களை எடுப்பது எப்படி? சறுக்குவது எங்கே?

பழுதான இதய வால்வுக்குப் பதில் பன்றியின் வால்வைப் பொருத்துவது புதிதல்ல. 1960-களின் கடைசியிலிருந்தே குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்திப் பொருத்துகிறார்கள். அந்த ரசாயனம் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால், நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது செத்த திசு. வளராது, தேய்ந்தால் தன்னைச் சீர்செய்யாது. நாளடைவில் கால்சியம் படிந்து விறைக்கும். முதியவருக்கு 10, 15 ஆண்டு உழைப்பது குழந்தைகளுக்குச் சில ஆண்டுகளிலேயே கெட்டுவிடலாம்.

பதப்படுத்தாமல், பன்றியின் செல்களை மட்டும் கழுவி எடுத்துவிட்டால்? மிஞ்சும் சட்டகத்தில் நோயாளியின் செல்கள் குடியேறினால் வால்வு உயிருள்ளதாகும் என்பதே கணக்கு.

காப்பாற்ற வேண்டிய சட்டகம் மெல்லியது. வால்வின் இதழ் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லை. அதற்குள் மூன்று அடுக்கு. பெருந்தமனிப் பக்கம் உறுதி தரும் கொலாஜன் இழைகள், கீழறைப் பக்கம் இழுபட்டு மீளும் எலாஸ்டின் இழைகள், நடுவில் நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை மடங்கி விரிவதை இந்த மூன்றும் சேர்ந்தே தாங்குகின்றன.

வேலை கத்தியில்தான் தொடங்குகிறது. பன்றியின் பெருந்தமனி வால்வில் வலது இதழின் அடியில் தசை ஒரு திண்டுபோல நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கரைசலும் எளிதில் ஊடுருவாத இடம் அது. முடிந்தவரை செதுக்கிவிட வேண்டும்.

பிறகு உப்புச் செறிவு மிகக் குறைந்த டிரிஸ் கரைசலில் (அமில-கார அளவை நிலையாக வைத்திருப்பது), 4 டிகிரி குளிரில் ஊறவைக்கிறார்கள். நீர் உள்ளே புகுந்து செல்கள் உப்பி வெடிக்கும். வெடித்த செல்லிலிருந்து வரும் நொதிகள் கொலாஜனையே அரிக்கும் என்பதால், அவற்றை முடக்க அப்ரோட்டினினும் ஈ.டி.டி.ஏ.-வும் சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது சோடியம் டோடெசில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.டி.எஸ். பற்பசையிலும் ஷாம்பூவிலும் நுரை தருகிற அதே பொருள். 0.1 சதவீதக் கரைசலில் பல மணி நேரம் குலுக்கினால் செல்சவ்வு கரைந்துவிடும். செறிவைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், கூடவே நடு அடுக்கின் சர்க்கரைச் சங்கிலிகளும் போய்விடும். இந்தக் கட்டத்தைக் குளிரறையில் செய்யக் கூடாது, குளிரில் எஸ்.டி.எஸ். படிகமாகித் திசுவுக்குள் தங்கும். பொட்டாசியம் உள்ள உப்புக் கரைசலால் உடனே அலசினாலும் இதே கதி. அலசல் நாள்கணக்கில் நீளும். மிச்சம் இருந்தால் குடியேற வரும் செல்களையே அது கொல்லும்.

சிதைந்த செல்களின் டி.என்.ஏ. பசைபோல இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டும் நியூக்ளியேஸ் நொதிக்கு மக்னீசியம் தேவை. முந்தைய கட்டத்து ஈ.டி.டி.ஏ. மிச்சமிருந்தால் மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி சும்மா கிடக்கும். கடைசியாக 0.1 சதவீத பெராசெட்டிக் அமிலத்தில் கிருமி நீக்கம்.

பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல்: உலர்ந்த திசு ஒரு மில்லிகிராமில் டி.என்.ஏ. 50 நானோகிராமுக்குக் கீழே, அதன் துண்டுகள் 200 அடியிணைகளுக்கு (டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு) குறைவாக, நுண்ணோக்கியில் உட்கரு தெரியவே கூடாது. மாதிரியை இதழிலிருந்து மட்டும் எடுத்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். வெட்டிப் பார்க்க வேண்டியது தசையும் தமனிச் சுவரும் சேரும் இடத்தை.

செல்கள் முழுதாக நீங்காவிட்டால் என்ன விலை என்பதை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா பார்த்துவிட்டது. 2001-ல் செல் நீக்கிய பன்றி வால்வுகள் அங்கே நான்கு குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டன. ஒரு குழந்தை 7-ம் நாள், ஒன்று ஆறு வாரத்தில், ஒன்று ஓராண்டில் என மூவர் இறந்தனர். நான்காவது குழந்தையின் வால்வை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்டார்கள். வால்வுகளில் கடும் அழற்சி இருந்தது. பொருத்தாத வால்வுகளைச் சோதித்தபோது செல்கள் முழுமையாக நீங்காததும் கால்சியப் படிவும் தெரிந்தன.

இதே வகை வால்வு செம்மறி ஆடுகளில் நன்றாக வேலை செய்திருந்தது. பன்றித் திசுவில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை உண்டு. செம்மறிக்கும் அது உண்டு என்பதால் அதன் உடல் அதை எதிர்ப்பதில்லை. மனிதருக்கு இல்லை, நம் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே தயாராகச் சுற்றுகின்றன. மனித உடல் இந்த வால்வை ஏற்குமா என்ற கேள்விக்கு ஆட்டைக் கேட்டது தவறான இடம் என்றே சொல்ல வேண்டும்.

இதனால் ஜெர்மனியின் ஹனோவர் குழுவினர், தானமாகக் கிடைத்த மனித வால்வுகளிலேயே செல்களை நீக்கிப் பொருத்துகிறார்கள். ஆல்ஃபா-கால் சிக்கல் அங்கே இல்லை; தானம் போதாமைதான் தடை. பன்றியை விடாதவர்கள் ஆல்ஃபா-காலை நொதியால் வெட்டுகிறார்கள், அல்லது அந்த மரபணுவே நீக்கப்பட்ட பன்றிகளை நாடுகிறார்கள். எந்த வால்வானாலும் செல்கள் தமனிச் சுவரில் ஏறும் அளவுக்கு இதழின் நுனிவரை ஏறுவதில்லை. அதனால்தான் பெரும்பாலும் நுரையீரல் வால்வின் இடத்தில் முதலில் வைக்கிறார்கள்: அங்கே அழுத்தம் குறைவு, கொஞ்சம் கசிந்தாலும் இதயம் சில காலம் சமாளிக்கும்.