அது தடுப்பூசி இல்லைங்க, சோதனை ஊசி!

"காசநோய்க்குத்தான் ஊசி போட்டாச்சே!" இருமி இருமி எலும்பும் தோலுமாய் நிற்கிற ஆட்டைக் காட்டி இப்படிச் சொல்பவர்களுக்கு எத்தனை முறைதான் விளக்குவது? கழுத்தில் போட்டது ட்யூபர்குலின். அது நோயைத் தடுக்காது, தீர்க்கவும் தீர்க்காது. கிருமி உள்ளே புகுந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அதனால்தான் 72 மணி நேரம் கழித்து ஆட்டை மறுபடி காட்டச் சொல்கிறோம். பலர் அன்றைக்குத்தான் மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறார்கள். போட்ட ஊசி வீண்.

முடியை மழித்து, தோலை மடித்துக் காலிப்பரால் அளந்து, தோலுக்குள்ளேயே 0.1 மி.லி. ஏற்ற வேண்டும். விரலால் தடவினால் பருப்பளவு புடைப்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது; அந்தச் சோதனையை நம்பக் கூடாது. மூன்றாம் நாள் அதே இடத்தில் தடிமன் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ள வேண்டும். 2 மி.மீ.க்கு மேல், 4-க்குள் என்றால் சந்தேகம். 42 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முற்றிய நோயிலும், குட்டி போட்ட புதிதிலும், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட ஆட்டிலும் வீக்கமே வராமல் போகலாம். போட்ட ஊசிகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "குழந்தைக்குப் போடுகிற பி.சி.ஜி.யை ஆட்டுக்கும் போட்டால் என்ன?" மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பல ஆண்டுகள் வளர்த்து வீரியம் குறைத்து எடுத்த தடுப்பூசிதான் பி.சி.ஜி.; 1921-ல் மனிதருக்கு முதலில் கொடுத்தார்கள். ஆகவே கேள்வியில் தப்பில்லை. ஆடுகளில் நடந்த ஆய்வுகளில் நுரையீரல் புண்கள் குறைந்தன. ஆனால் தொற்று முழுதாய் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய வம்பு, பி.சி.ஜி. போட்ட ஆட்டுக்கு ட்யூபர்குலின் வைத்தால் நோயே இல்லாவிட்டாலும் வீங்கலாம். எது நோய், எது ஊசி என்று பிரிக்கத் தனிச் சோதனை வேண்டும். எங்கேயோ வாங்கி வந்து நீங்களே குத்திவிடாதீர்கள். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் போட்ட ஊசி இதற்கும் சேர்த்து என்ற நினைப்பும் வேண்டாம்.

காதடியில் கட்டி என்றதும் காசநோய் என்று பதறவும் வேண்டாம். பெரும்பாலும் அது சீழ்க்கட்டி நோய், கிருமியே வேறு. அதற்காகக் கொட்டிலுக்குள்ளேயே கீறிச் சீழைப் பிழியாதீர்கள், மொத்தப் பட்டிக்கும் பரவும்.

புதிதாய் வாங்கிய ஆட்டை நேரே பட்டியில் சேர்க்காதீர்கள். தனியே கட்டிச் சோதியுங்கள். தொற்றின் முதல் சில வாரங்களில் சோதனை பொய்யாக நல்லபடி காட்டும் என்பதால், 42 நாள் தாண்டி இன்னொரு முறையும் பாருங்கள். இருமுகிற மாட்டோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். காற்றுப் புகாத கொட்டிலில் நெருக்கி அடைக்கவும் வேண்டாம். நோய் உறுதியான ஆட்டுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்துப் பார்ப்பது மருந்துக்கு மசியாத கிருமியை வளர்க்கும் வேலை. மனம் கேட்காதுதான், ஆனாலும் அதை மந்தையிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். சந்தையில் தள்ளிவிடுவது நீக்குவது ஆகாது.

தயவுசெய்து, பச்சைப் பாலை மட்டும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். நோயுள்ள தாயிடம் குட்டியையும் ஊட்டவிடாதீர்கள்.