எடை குறைந்த குழந்தைக்கு அங்கன்வாடியில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

செங்கல் சூளை வேலைக்காக வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணோடு அங்கன்வாடி ஒன்றுக்குப் போயிருந்தேன். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். "உங்க கார்டு இந்த ஊர்ல இல்லையேம்மா, சொந்த ஊர்ல போய் வாங்கிக்கங்க" என்று வாசலிலேயே பதில் வந்தது. பையனின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "நாலு நாளாத்தான்க்கா கொஞ்சம் பூசினாப்ல இருக்கான்" என்றார் அம்மா, சந்தோஷமாக. பூசியதல்ல அது, நீர் கோத்திருந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளம்.

முதலில் கார்டு விஷயம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவு உரிமை; கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. வறுமைக்கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கிலோ கலோரி; கடும் குறைவு இருந்தால் 800 கிலோ கலோரியும் 20 முதல் 25 கிராம் புரதமும். சத்துமாவு பாக்கெட்டைக் கையில் வாங்கும்போது இந்த இரண்டாவது அளவைக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் தானாகச் சொல்வதில்லை.

ஆனால் குழந்தை "கடும் குறைவு" என்று பதிவானால்தானே கூடுதல் கிடைக்கும்? அங்கேதான் வழுக்குகிறது. எடை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்கள். உயரம் பார்ப்பதில்லை, அல்லது போன மாத உயரத்தையே மறுபடி எழுதுவார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மெலிவு தெரியாது. நீர் கோத்த குழந்தைக்கோ எடை கூடிய மாதிரியே காட்டும், பணியாளர் போனில் பதிவு செய்யும் அரசுச் செயலியான போஷன் டிராக்கரில் "சாதாரணம்" என்று ஏறிவிடும். அதனால் மூன்று கேளுங்கள்: உயரம் அளக்க வேண்டும், மேல்கையின் நடுவில் சுற்றளவு நாடா போட வேண்டும், இரண்டு பாதத்தையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, அதாவது கடும் குறைவு. நாடா இல்லையென்றால் கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும்.

"நல்லாத்தான் ஊட்டுறோம், ஏற மாட்டேங்குது" என்று பல அம்மாக்கள் சொல்வது பொய்யல்ல. சிறுகுடலின் உள்சுவரில் குளியல் துண்டின் நூல் மாதிரி நுண்ணிய விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சத்தை உறிஞ்சுவது அவைதான். அழுக்குத் தண்ணீரும் ஓயாத வயிற்றுப்போக்கும் அந்த விரல்களைத் தேய்த்துவிடும். தின்றது பாதி உள்ளே போகாது. சுவரும் கசியும், கிருமி உள்ளே நுழையும், இருக்கிற கொஞ்ச சத்தும் அதோடு சண்டை போடவே செலவாகும். எனவே மாவு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாத்திரையை 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

சரி, பாதம் வீங்கியிருந்தால், சாப்பிடவே மறுத்தால், காய்ச்சலோ சோர்வோ இருந்தால்? வீட்டில் வைத்து முட்டையும் நெய்யுமாகத் திணிக்காதீர்கள். பட்டினியில் சுருங்கிய உடம்பில் ஒரேயடியாகச் சாப்பாடு சேர்ந்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து. இந்தக் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். கூட மருத்துவமனையில் அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டு நேராகப் போங்கள். அரசின் சுகாதார உதவி எண் 104-க்கு போன் போட்டாலும் கேட்கலாம். "ஓ.பி.யில் காட்டுங்க, நாளைக்கு வாங்க" என்றால் நகராதீர்கள். பசி சோதனை (குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்று கொடுத்துப் பார்ப்பது) செய்தீர்களா, சேர்க்க மறுப்பதற்குக் காரணம் என்ன, எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுத்து என்றதும் பல இடங்களில் கட்டில் காலியாகிவிடுகிறது, ஆச்சரியம்தான். கூட இருக்கும் அம்மாவுக்குச் சாப்பாடும் கூலி இழப்பீடும் உண்டு. வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை: வீட்டுக்குத் தரும் மாவுக்கு 2025 ஜூலை முதல் முகப்பதிவு, அதாவது பணியாளர் போனில் முகத்தைக் காட்டி ஆதாரோடு சரிபார்ப்பது. சிக்னல் இல்லை, ஆதாரில் உள்ள போன் நம்பர் மாறிப்போச்சு என்று அம்மாவைத் திருப்பி அனுப்புகிறார்கள். குழந்தைக்கு ஆதார் கட்டாயமில்லை, அம்மாவுடையது போதும். பணியாளரோடு சண்டை போட்டுப் பயனில்லை, பாவம், அவர் போனிலும் அதே சிக்னல்தான். தேதி போட்டு ஒரு மனு எழுதி வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இல் புகார்.

அந்தப் பையனை மதியத்துக்குள் சேர்த்தோம். நாலாம் நாள் எடை போட்டபோது குறைந்திருந்தது. "இங்க வந்து இன்னும் இளைச்சுட்டான்க்கா" என்று அம்மா பையைக் கட்டிவிட்டார். வீக்கம் வற்றும்போது முதலில் எடை இறங்கத்தான் செய்யும் என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கட்டிய பையைப் பிரிக்க வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.