உண்டியலில் வரும் காசும் நாட்டுக்கு வராத டொலரும்

சவூதியிலோ கட்டாரிலோ குவைத்திலோ உழைக்கிற காசு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு வழியாக வரும். ஒன்று வங்கி, மற்றது உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றும் வழி. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் வேலை செய்கிறேன். "உண்டியல்காரர் கூடுதலாகத் தருகிறாரே, பிறகு ஏன் வங்கி?" என்று அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

உண்டியல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணவர் ரியாத்தில் ஒருவரிடம் 1,000 ரியால் கொடுக்கிறார். அவர் இங்குள்ள கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுகிறார். பின்னேரத்துக்குள் உங்கள் கணக்கில் ரூபாய் விழுந்துவிடும். ஆனால் அது ஏற்கெனவே இலங்கைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ரூபாய். ரியால் கடல் தாண்டவே இல்லை. சுங்கத்தில் விலையைக் குறைத்துக் காட்டிப் பொருள் இறக்குபவருக்கோ, தங்கம் கடத்துபவருக்கோ அது அங்கேயே கைமாறிவிடும். வீட்டுக்குக் குறையில்லை, நாட்டின் கையிருப்பில் மட்டும் ஒரு டொலரும் சேராது.

ஒரு வீடு இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது. பெருந்தொகையான வீடுகள் செய்தால் என்ன நடக்கும் என்பதை 2022இல் அனுபவித்தோம். 2020இல் முறையான வழியில் வந்த காசு சுமார் 7.1 பில்லியன் டொலர். அந்த ஆண்டு ஏற்றுமதியை மிஞ்சிய இறக்குமதி சுமார் 6 பில்லியன். தேயிலையும் ஆடையும் விற்று எட்டாத தொகையை, வெளிநாட்டில் வீடு கூட்டியவர்களும் கட்டட வேலை செய்தவர்களும் அடைத்தார்கள். 2021இல் முறையான வழியில் வந்த காசு சுமார் 5.5 பில்லியனானது, 2022இல் 3.8. அதே 2022இல் வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். போன ஆட்கள் கூடியும், வந்த காசு 2020இல் வந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

இதற்கு உழைக்கிறவர்களைக் குற்றம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். டொலரை 200 ரூபாய் சொச்சத்தில் பிடித்து வைத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். 2021 டிசம்பரில் டொலருக்கு 10 ரூபாய் மேலதிகமாகத் தருகிறோம் என்றார்கள், அதுவும் உண்டியல்காரர் தந்த வெளி விலையை எட்டவில்லை. வெயிலில் நின்று உழைப்பவர் கூடுதலாகத் தருபவரிடம்தான் போவார். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் டொலர் 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 வரை போனது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. எரிவாயு வரிசையும் பால்மாத் தட்டுப்பாடும் நினைவிருக்கும். உண்டியலில் கூடுதலாகக் கிடைத்ததை அந்த விலைவாசி தின்றுவிட்டது.

இப்போது வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் அப்படிப் பெரிய இடைவெளி இல்லை. 2024இல் சுமார் 6.6 பில்லியன் வந்தது. அப்படியிருந்தும் உண்டியலை விடாதவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் கணக்கில் காசு போடுகிற ஆள் யார்? போதைப்பொருள் விற்ற காசோ, மோசடியில் பறித்த காசோ என்றால் விசாரணை உங்கள் கணக்குக்குத்தான் வரும். குற்றக் காசை நல்ல காசாக்கிக் காட்டும் பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கணக்கை முடக்கவும் முடியும். "இது என்ட மகள் வீட்டு வேலை செய்து அனுப்பின காசு" என்று அழுத ஒரு தாயிடம், அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் நுண்கடன் கட்ட முடியாமல்தான் பல பெண்கள் வெளிநாடு போகிறார்கள். முற்பணம் தருகிறோம் என்று சப் ஏஜென்ட், அதாவது வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர், வீட்டுக்கே வருவார். இரண்டு வருட ஒப்பந்தம் முடியும், கடன் முடியாது, திரும்பவும் போவார். நாடும் இதைத்தான் செய்கிறது. டொலர் தட்டுப்பட்ட 2022இல் வீட்டுப் பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை 21 ஆகக் குறைத்தார்கள். அரச ஊழியருக்குச் சம்பளமற்ற விடுமுறை கொடுத்து வெளிநாடு போக வழிவிட்டார்கள். ஆளை அனுப்பி டொலர் எடுத்துப் பழகிய நாடு, எங்கள் மாவட்டத்து வாழைச்சேனையில் ஒரு வேலையை உருவாக்க ஏன் அவசரப்படும்?

சரி, போகத் தீர்மானித்துவிட்டீர்கள் என்றால், போகும் முன் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு இருக்கட்டும். உழைத்த முழுவதையும் செலவுக் கணக்குக்கே அனுப்பி, திரும்பி வந்தபோது வெறும் புத்தகத்தைப் பார்த்த பெண்கள் பலர். வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே வைத்திருக்கவும் முடியும். அனுப்பிய பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்புங்கள், பிறகு கடன் கேட்கும்போது உதவும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள், காப்புறுதி அந்தப் பதிவோடுதான் வருகிறது. கணக்குத் திறக்கக் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, ஒப்பந்தப் பிரதி மூன்றையும் கொண்டு வாருங்கள். பயணத்துக்கு முந்தின நாள் ஓடி வராமல், ஒப்பந்தம் கைக்கு வந்த கிழமையிலேயே வாருங்கள்.