ஆட்டரா, ஆக்குநரா?

"அவர் வெறும் டைரக்டர் இல்லப்பா, ஆட்டர்!" சினிமா பேசும் நண்பர்கள் கூடினால் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். யார் பெரிய இயக்குநர், எந்தப் படம் நாற்பது வருடம் கழித்தும் நிற்கிறது என்ற சண்டையில் இதுதான் கடைசி அஸ்திரம். எதிரில் இருப்பவருக்கும் பொருள் சரியாகத் தெரியாது என்பதால் பதில் அஸ்திரம் வராது. 'மிகப் பெரிய டைரக்டர்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பிரெஞ்சில் அது ஒரு சாதாரணச் சொல். நூலை எழுதியவர், ஒன்றைச் செய்தவர் என்று பொருள். நாவலாசிரியரையும் அப்படித்தான் சொல்வார்கள்; குற்றச் செய்திகளில் 'இதைச் செய்த ஆள்' என்று குறிக்கவும் அதே சொல்தான். தமிழில் ஆட்டர் என்றும் ஓட்டர் என்றும் எழுதுகிறோம். இரண்டாவதைப் படித்தால் எனக்கு வாக்காளர் பட்டியல்தான் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு உச்சரிப்புக்கு 'ஒத்தேர்' கொஞ்சம் நெருக்கம். நம் பேச்சில் 'ஒத்தர்' என்றால் ஒருவர். வேர்த் தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் சினிமாவில் இந்தச் சொல் கிளப்பிய சண்டை முழுவதும் அந்த 'ஒத்தர்' யார் என்பதைப் பற்றியது.

சண்டையைத் தொடங்கி வைத்தவர் பிரெஞ்சு சினிமா விமர்சகர் பிரான்சுவா த்ரூஃபோ. 1954 ஜனவரியில் 'கயே து சினேமா' என்ற சினிமா இதழில் அவர் கட்டுரை வந்தபோது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை. அன்றைய பிரெஞ்சு சினிமாவில் பேர்பெற்ற நாவலை எடுப்பார்கள், ழான் ஒராஷும் பியேர் போஸ்ட்டும் போன்ற திரைக்கதை எழுத்தாளர்கள் அதை வழவழவென்று எழுதிக் கொடுப்பார்கள், இயக்குநர் வந்து படம்பிடிப்பார். இப்படி எழுதிக் கொடுத்ததைக் காட்சியாக்கித் தருபவரை 'மெத்தேர் ஆன் சேன்' என்பார்கள். இவர்களுக்கு எதிராக த்ரூஃபோ ரெனுவார், பிரெஸ்ஸோன், தத்தி போன்ற இயக்குநர்களை நிறுத்தினார். படத்தைத் தங்கள் சொந்தப் படைப்பாகவே ஆக்கிய அவர்கள்தான் ஒத்தேர்கள். மறு வருடம், 1955 பிப்ரவரியில், ஷாக் பெக்கேர் எடுத்த ஓர் அலிபாபா படத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். படம் சொதப்பியிருந்தாலும் நான் இதன் பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் எடுத்தவர் பெக்கேர் என்பது அதன் சாரம். வீம்புதான். ஆனால் யோசித்துச் செய்த வீம்பு.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று டைட்டில் கார்டில் ஒரே பெயர் வந்தால் அவர் ஆட்டர் என்று நம்மூரில் ஒரு கணக்கு இருக்கிறது. த்ரூஃபோவும் நண்பர்களும் கொண்டாடிய ஹிட்ச்காக்கும் ஹோவர்ட் ஹாக்ஸும் ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குள், பெரும்பாலும் பிறர் கதைகளை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். அடுத்தவர் கதை கைக்கு வந்த பிறகு இவர் அதை என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. இது தமிழுக்குப் புதிய விஷயமே இல்லை. 'முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்' என்கிறது நன்னூல். பின்னால் வந்தவன் வேண்டும் விகற்பம், அதாவது மாறுபாடு! கம்பனை யாரும் வான்மீகியின் மெத்தேர் ஆன் சேன் என்று சொல்வதில்லையே. 1978-இல் வந்த 'முள்ளும் மலரும்' உமாசந்திரனின் நாவல். ஆனால் அதை மகேந்திரன் படம் என்றுதான் சொல்கிறோம். அந்த விகற்பம்தான் காரணம்.

அப்புறம் சொல் அமெரிக்காவுக்குப் போனது. 1962-இல் அமெரிக்க விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் அதை ஆங்கிலத்தில் 'தியரி' ஆக்கினார். தொழில்நுட்பத் தேர்ச்சி, தனியாகத் தெரியும் ஆளுமை, உள்ளே ஓடும் பொருள் என்று மூன்று அளவுகோல் வைத்தார். அடுத்த வருடமே இன்னொரு அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் போட்டுத் தாக்கினார். ரோஜாவின் மணத்தைவிட ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம்தான் தனியாகத் தெரியும், அதனால் அது உயர்ந்ததா என்று கேட்டார். இந்தக் கேள்வியில் நான் கேல் பக்கம். முத்திரை இருப்பது வேறு, தரம் இருப்பது வேறு. ஒரே படத்தைப் பத்து முறை எடுப்பவருக்கும் முத்திரை உண்டு.

அவர்களுக்கு முன்பே, 1957-இல், அந்தப் பிரெஞ்சு இதழின் மூத்தவரான ஆந்த்ரே பாஸேன் தன் பிள்ளைகள் போன்ற இளம் விமர்சகர்களை எச்சரித்திருந்தார். இது தனிமனித வழிபாடாகிவிடும், ஹாலிவுட் என்ற அமைப்புக்கே ஒரு மேதைமை இருக்கிறது, அதையும் பாருங்கள் என்றார்.

பாஸேன் சொன்னதற்கு ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' நல்ல உதாரணம். 1958-இல் வந்தபோது பெரிய வரவேற்பு இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் எடுக்கும் சிறந்த படங்களின் பட்டியலில் 1962-லும் 1972-லும் முதல் பத்துக்குள் அது இல்லை. 1982-இல் ஏழாவது, 1992-இல் நான்காவது, 2002-இல் இரண்டாவது, 2012-இல் முதலிடம். படச்சுருளில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை, மாறியது பார்க்கிறவர்கள். பல வருடம் திரையிடப்படாமல் கிடந்து 1983-இல் மறுபடி வெளியானதும் ஒரு காரணம். சரி, நின்றது ஹிட்ச்காக்கால் மட்டுமா? கதை புவாலோ, நார்ஸெஷாக் என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்களுடையது. நெஞ்சைப் பிசையும் இசை பெர்னார்ட் ஹெர்மனுடையது. படிக்கட்டு சுழன்று கீழே போவதுபோல் தலைசுற்ற வைக்கும் அந்த ஷாட்டைச் சாத்தியமாக்கியவர் இர்மின் ராபர்ட்ஸ் என்ற ஒளிப்பதிவாளர். டைட்டிலில் அவர் பெயர்கூட இல்லை.

பாயிரத்தில், அதாவது நூலின் முன்னுரையில், சொல்ல வேண்டியவை என்று நன்னூல் தரும் எட்டில் 'ஆக்கியோன் பெயரே' (நூலைச் செய்தவர் பெயர்) முதலில் வருகிறது. 'கேட்போர்' என்பதும் அதே எட்டில் ஒன்று. அதோடு விடவில்லை. 'காலம் களனே காரணம் என்றிம் மூவகை ஏற்றி மொழிநரும் உளரே' என்று அடுத்த நூற்பா மேலும் மூன்றைச் சேர்க்கிறது. சாரிஸ், கேல், பாஸேன் மூவரின் வாதங்களுக்கும் இடம் கொடுக்க இந்தப் பதினொன்று போதும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஆசிரியர்' என்றால் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. 'படைப்பாளி' பொதுவான சொல். கவிதை எழுதுகிறவர், ஓவியர் எல்லாருக்கும் போட்டுத் தேய்ந்துவிட்டது. 'படைப்பாளுமை' வாயில் நுழைய மறுக்கிறது. எனக்குப் பிடித்தது நன்னூல் தந்த 'ஆக்கியோன்'.

பிடித்ததற்குக் காரணம் வேர். பிரெஞ்சுச் சொல் லத்தீன் 'அவுக்தோர்' என்பதிலிருந்து வந்தது. அதன் வினை 'அவுகேரே', பெருக்குதல், வளரச் செய்தல். விலை ஏற ஏறப் போவதால் ஏலத்துக்கான ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்தது. ஆக, ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்குவதைவிட, இருப்பதைப் பெருக்குவதுதான் அதன் உள்பொருள். தமிழ் 'ஆக்கம்' இந்த இரண்டையும் சுமக்கிறது. கட்டுரையும் ஆக்கம், 'அறத்தினூஉங்கு ஆக்கம் எவனோ உயிர்க்கு' என்ற குறளில் வரும் பெருக்கமும் ஆக்கம். வீட்டில் சோறு ஆக்குகிறோம். ஒரு படி அரிசி உலையில் எவ்வளவு பெருகுகிறது! பிறர் கதையை வாங்கி அதைப் பெரிதாக்கித் தருபவருக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஒரே சிக்கல், 'ஆக்கியோன்' ஆண்பால். 2022 பட்டியலில் 'வெர்டிகோ'வை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலில் வந்த 1975-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர் ஷாந்தால் அகெர்மன், ஒரு பெண். அதனால் 'ஆக்குநர்'. மேலே வந்த 'மொழிநர்' போலவே வினையோடு -நர் சேர்ந்த சொல். 'இயக்குநர்' அப்படி வந்ததுதான். அதனால் 'இயக்குனர்' என்ற எழுத்துப்பிழையையும் இந்த சாக்கில் விட்டுவிடலாம். மென்பொருளில் 'உருவாக்குநர்' புழக்கத்தில் இருப்பதால் 'ஆக்குநர்' காதுக்கு உறுத்தாது. மெத்தேர் ஆன் சேன் இயக்குநர், ஒத்தேர் ஆக்குநர். ஈழத்து நாடகக்காரர்களின் 'நெறியாள்கை' அழகான சொல்தான், ஆனால் அது இயக்கத்துக்கு இணை.

மீதி இருப்பது முழுத் தொடர். சாரிஸ் வைத்த பெயருக்கு 'ஆக்குநர் கோட்பாடு' சரி. த்ரூஃபோவின் 'பொலித்தீக் தேஸ் ஒத்தேர்' என்ற தொடரில் இருந்ததோ 'பொலித்தீக்'. அது கோட்பாடு அல்ல; முன்கூட்டியே எடுத்த ஒரு நிலை, ஒரு பக்கம் சாய்தல். அதற்கு 'ஆக்குநர் கட்சி' என்பேன். கொடி பிடிக்கும் கட்சி இல்லை. "இந்த விஷயத்துல நான் உங்க கட்சி" என்போமே, அந்தக் கட்சி.