சப்மெர்சிபிளில் ஏறும் முன் ஒரு கேள்வி

எங்கள் பக்கம் சப்மெர்சிபிள் என்றால் போர்வெல் மோட்டார். 2023 ஜூனில் குடியாத்தத்திலிருந்து மச்சினன் போன் செய்து, "மாமா, சப்மெர்சிபிள் காணாமப் போச்சாமே" என்றதும், நிலத்து மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, "போலீஸ்ல சொன்னியா?" என்று கேட்டேன். அவன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். காணாமல் போனது டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி.

ஜூன் 18 அன்று ஐந்து பேருடன் வட அட்லாண்டிக்கில் இறங்கியது அது. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைப் பார்க்கப் போன சுற்றுலா. தலைக்கு 2,50,000 டாலர். இறங்கி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் மேலே நின்ற கப்பலோடு தொடர்பு அறுந்தது. உள்ளே 96 மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது என்றார்கள். சிப்காட் டீக்கடை டி.வி.யில் அந்த மணிக்கணக்கு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் 60, இன்னும் 40 என்று நாங்களும் எண்ணினோம்.

நானும் எண்ணினேன் என்பதுதான் எனக்கு வெட்கம். ராணிப்பேட்டை, வேலூர் சுற்றுவட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக பாய்லர், பிரஷர் வெசல் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறவன் நான். ஓடு, அதாவது அழுத்தத்தைத் தாங்கும் வெளிக்கூடு, முழுசாக இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஓடு போயிருந்தால் ஆக்சிஜன் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

எங்கள் வேலையில் பெரும்பாலும் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளும். ஷெல்லில், அதாவது கலனின் உடலில், தண்ணீரை நிரப்பி, அது ஓடப்போகும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, கேஜ் முள் இறங்குகிறதா, வெல்டு எங்காவது வியர்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். இதுதான் ஹைட்ரோ டெஸ்ட். உள் அழுத்தத்தில் ஒரு நல்லது உண்டு. ஷெல் லேசாகக் கோணியிருந்தால் அதை வட்டமாக்கத்தான் பார்க்கும், பலூன் ஊதுவது போல. வெளியிலிருந்து அமுக்கும் அழுத்தம் அப்படியல்ல. எங்கே கோணல் இருக்கிறதோ அங்கேயே தேடிப் பிடித்து இன்னும் உள்ளே தள்ளும்.

இதை நான் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு யூனிட்டில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் இரும்பு டேங்க் ஒன்றை ஆவி விட்டுக் கழுவினார்கள். மேலே காற்றுப் போக்கி இருந்தது. ஆனால் பெயின்ட் உள்ளே போகாமலிருக்க அதன் வாயில் பாலிதீன் கட்டி டேப் சுற்றியிருந்தது. காலையில் நான் அதைப் பார்த்தேன். பெயின்ட்காரர்களே கழற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கழுவி முடித்துச் சூட்டோடு மூடியை இறுக்கிவிட்டு எல்லோரும் டீக்குப் போனார்கள். திடீரென்று ஒரு மழை. உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீரானது; காற்று உள்ளே போக வழியில்லாமல் வெற்றிடம். டொம்மென்று ஒரே சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சிய ஜூஸ் பாக்கெட் மாதிரி டேங்க் இடுப்பொடிந்து நிற்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த டேங்கை நசுக்கியது நாம் அன்றாடம் சுமக்கும் காற்றுதான். அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வோம்; அதில் ஒன்றுகூட முழுசாக இல்லை. கடலில் பத்து மீட்டருக்கு ஒரு பார் ஏறும். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தில் சுமார் 380 பார். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நானூறு கிலோவை நெருங்கும் சுமை!

அதனால்தான் ஆழத்துக்குப் போகும் வண்டிகளில் ஆள் உட்காரும் இடத்தை வழக்கமாக உருண்டையாகச் செய்கிறார்கள். உருண்டையில் சுமை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000 திட்டத்தில் 80 மில்லிமீட்டர் கனத்தில், 2.1 மீட்டர் விட்டத்தில் டைட்டானியம் உருண்டை. மூன்று பேருக்குத்தான் இடம். டைட்டனிலோ ஐந்து பேரை ஏற்றுவதற்காக நீளமான உருளை. அதுவும் கார்பன் ஃபைபர், சுமார் 127 மில்லிமீட்டர் கனம், இரண்டு முனையிலும் டைட்டானியம் மூடி.

கார்பன் ஃபைபரை நான் குறை சொல்லவில்லை. இழுத்தால் அதைப்போல் தாங்கும் பொருள் குறைவு. அமுக்கும்போது அந்த பலம் அப்படியே கைகொடுக்காது. அடுக்கடுக்காக ஒட்டிய பொருள். ஒரு அடுக்கு விட்டுப்போனால் வெளியே தெரியாது. இரும்பு போவதானாலும் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும், முதலில் வளையும். இது வளையாது. முதலில் செய்த ஓட்டில் 2019-இல் விரிசல் கண்டு அதைக் கழித்துவிட்டு, இரண்டாவது ஓடு செய்திருந்தார்கள்.

அந்த இரண்டாவது ஓடும் ஒரு முறை பேசியிருக்கிறது. 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஓட்டின் சத்தத்தைக் கேட்க அதிலேயே சென்சார்கள் வைத்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு பதிவுகள் மாறியிருந்தன. என் கைக்கு அப்படி ஒரு ஷெல் வந்தால் அன்றைக்கே சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரங்கட்டிவிடுவேன். டைட்டன் அந்தக் குளிர்காலம் முழுக்க கனடாவில் திறந்தவெளியில் பனியில் கிடந்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி கடலில் இறங்கியது.

வெளியாள் யாரும் வந்து சோதித்துச் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. அப்படிச் சோதிப்பது புதுமைக்குத் தடை என்பது டைட்டனை நடத்திய ஓஷன்கேட் நிறுவனத்தின் வாதம். இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். "சார், டெலிவரி லேட்டாகுது" என்பதைப் படித்தவர்கள் சொன்னால் இப்படித்தான் இருக்கும். தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை 2025 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

சரி, ஓடு நசுங்காமல் அடியில் மாட்டிக்கொண்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா? வட ஆர்க்காட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயிரம் அடி போரில் பைப் அறுந்து மோட்டார் விழுந்தால் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். கொக்கியை இறக்கி, கண் தெரியாமல் துழாவி, ஒரு நாள் முழுக்க நின்று, கடைசியில் வேறு போர் போடுவார். அங்கே மோட்டார் எந்தக் குழியில் கிடக்கிறது என்றாவது தெரியும். டைட்டானிக் கிடப்பது 12,500 அடியில். அந்த ஆழத்துக்கு இறங்கும் ரோபோக்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். விமானத்தில் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாள் ஓடிவிடும். போதாததற்கு டைட்டனின் மூடியை 17 போல்ட் போட்டு வெளியிலிருந்து இறுக்கியிருந்தார்கள். தானாகவே மேலே வந்து மிதந்திருந்தாலும் உள்ளே இருப்பவர்களால் திறந்திருக்க முடியாது.

மீட்பு நடந்த கதையும் உண்டு. 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் பைசஸ் 3 என்ற சிறு நீர்மூழ்கி சுமார் 480 மீட்டரில் விழுந்தது. உள்ளே இரண்டு பேர். காற்று தீராமலிருக்க அசையாமல், அதிகம் பேசாமல் கிடந்தார்கள். மூன்று நாளுக்கும் மேல் போராடி மேலே இழுத்தபோது மிச்சமிருந்தது 12 நிமிட ஆக்சிஜன். அவர்கள் உட்கார்ந்திருந்த உருண்டை உடையவில்லை, மேலே இருந்தவர்களோடு பேச முடிந்தது, ஆழமும் அரைக் கிலோமீட்டர்தான். இன்றைக்கு நம் கடற்படையிடம் உள்ள மீட்பு வாகனமே 650 மீட்டர் வரைதான் போகும்.

டைட்டன் விஷயத்தில் ஜூன் 22 அன்று ரோபோ ஒன்று டைட்டானிக்கின் முகப்பிலிருந்து சுமார் 500 மீட்டரில் சிதறல்களைக் கண்டது. தொடர்பு அறுந்த சமயத்திலேயே நசுங்கும் சத்தம் போன்ற ஒன்று அமெரிக்கக் கடற்படைக் கருவிகளில் பதிவாகியிருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. நாங்கள் டீக்கடையில் மணி எண்ணத் தொடங்கும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், மச்சினன் மகன். தை மாதம் கல்யாணம். ஹனிமூன் பேக்கேஜில் "சப்மரின் ரைடு" இருக்கிறதாம். "மாமா, 25 மீட்டர்தான், போலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். ஆழம் குறைவு என்பதால் மட்டும் சரி என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச்சில் எகிப்தின் ஹுர்கடாவில் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்றுலா நீர்மூழ்கி முழுகி 6 பேர் இறந்தார்கள். கரை பக்கம் என்பதால் 39 சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற முடிந்தது.

மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன். முழுசாக முழுகுமா, அல்லது மேல்பாதி மிதக்க, கீழே கண்ணாடி வழியாகப் பார்க்கும் வகையா? உள்ளிருந்தே மூடியைத் திறக்க முடியுமா? எந்தக் கப்பல் தரச்சான்று அமைப்பு சர்டிபிகேட் கொடுத்தது, எந்தத் தேதி வரை?

முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்துவிட்டதாம்: முழுசாக முழுகும், உள்ளிருந்தே திறக்கலாம். மூன்றாவதற்கு இன்சூரன்ஸ் பேப்பரின் போட்டோ வந்தது. அது இல்லை, சர்டிபிகேட் வேண்டும் என்று மறுபடி கேட்கச் சொன்னேன். தேடி அனுப்புகிறோம் என்றிருக்கிறார்கள். அது போன செவ்வாய்க்கிழமை.