நொறுங்கிய முள்ளெலும்புக்குள் ஒரு பலூன்

எலும்பு மெலிந்த முதுகில் முள்ளெலும்பு உடைவதற்கு, விழ வேண்டும் என்றுகூட இல்லை. குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் போதும். சில சமயம் பலமான தும்மலே போதும். முள்ளெலும்பின் உடல்பகுதிக்கு வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு எலும்பு. எலும்பு மெலிவு நோயான ஆஸ்டியோபோரோசிஸ் வந்தால் அந்தப் பஞ்சின் நுண்சட்டங்கள் மெலிந்து ஒவ்வொன்றாக அறுந்துபோகும். பாரம் ஏறியதும் முன்பக்கம் அமுங்கி, எலும்பு ஆப்பு வடிவமாகிவிடும். அதற்கு மேலுள்ள உடல் முன்னால் சாயும். கூன் விழுவது இப்படித்தான்.

முள்ளெலும்புக்குள் எலும்புச் சிமெண்டைச் செலுத்தும் வழக்கம் 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் கலிபெர், டெராமோன் என்ற மருத்துவர்களால் தொடங்கியது. அதற்கு வெர்ட்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். அதில் ஒரு சங்கடம் உண்டு. பஞ்சு எலும்புக்குள் காலியிடம் இல்லாததால் சிமெண்டை இளக்கமாகக் கரைத்து அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கும். இளகிய சிமெண்ட் விரிசல் வழியாகவும் சிரைகள் வழியாகவும் தன் போக்கில் போய்விடும். கலிபோர்னியாவின் எலும்பு அறுவை மருத்துவர் மார்க் ரைலி இதற்குப் பலூனைக் கொண்டுவந்தார். முதலில் இடத்தை உண்டாக்கு, பிறகு கெட்டியான சிமெண்டை மெதுவாக நிரப்பு என்பதே யோசனை. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த இந்த முறைதான் கைபோபிளாஸ்டி. கிரேக்கத்தில் 'கைஃபோஸ்' என்றால் கூன்.

எல்லா உடைவுக்கும் இது பொருந்தாது. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பை மறைத்து எடுக்கும் ஸ்டிர் படத்தில் அந்த எலும்பு வெளுத்துப் பளிச்சென்று தெரிந்தால் உள்ளே நீர்க்கோர்வை இருக்கிறது, முறிவு இன்னும் ஆறவில்லை என்று பொருள். ஆறிப்போன பழைய முறிவுக்குள் பலூனை ஊதினாலும் எலும்பு நிமிராது. பின்சுவர் சிதறித் தண்டுவடத்தை நெருக்கினாலோ, கிருமித்தொற்று இருந்தாலோ, இரத்தம் உறையாத கோளாறு இருந்தாலோ கைவைக்கக் கூடாது.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் இருபுறமும் ஒரு செ.மீ. அளவுக்குக் கீறுவார்கள். முள்ளெலும்பின் உடலையும் பின்வளைவையும் இணைக்கும் எலும்புப் பாலமான பெடிக்கிள் வழியாக ஊசி நுழையும். நோயாளியைச் சுற்றித் திருப்பக்கூடிய சி-ஆர்ம் எக்ஸ்-ரேயில் முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் பார்த்துக்கொண்டே முன்னேற வேண்டும். நேர்ப்படத்தில் பெடிக்கிள் ஒரு வட்டமாகத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஊசிமுனை எலும்புடலின் பின்சுவரைத் தாண்டும்வரை, நேர்ப்படத்தில் அது அந்த வட்டத்தின் உள்விளிம்பைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முனை தண்டுவடக் கால்வாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம். இந்த விதியில் சமரசமே கிடையாது.

பிறகு குழாய் பொருத்தி, கையால் துளையிட்டு, பலூனை உள்ளே அனுப்புவார்கள். பலூனில் நிரப்புவது காற்றல்ல. எக்ஸ்-ரேயில் தெரியும் அயோடின் கலந்த திரவம். முதலில் சுமார் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஊதிப் பலூனை நிலைநிறுத்துவார்கள். அதன்பின் அரை மி.லி. வீதம் இருபுறமும் மாறி மாறி. கார் டயரில் இருப்பது 30 சொச்சம் பி.எஸ்.ஐ.; இங்கே உச்ச வரம்பு, கருவியைப் பொறுத்து, அதைப்போலப் பல மடங்கு. கண் எப்போதும் அழுத்தமானியில் இருக்க வேண்டும். அளவு கூடாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் எலும்பு எதிர்க்கிறது. ஏறிய அழுத்தம் மெல்ல இறங்கினால் எலும்பு வழிவிடுகிறது. அடுத்த அரை மி.லி.க்குப் போகலாம். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், கூரான எலும்புத் துண்டு பலூனைக் கிழித்துவிட்டது. கசிவது அந்த அயோடின் திரவம்தான் என்பதால், ஒவ்வாமை இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை, பலூனை மாற்றிக்கொள்ளலாம். எலும்பு நிமிர்ந்தாலோ, பலூன் வெளிச்சுவரைத் தொட்டாலோ, அழுத்தமோ கொள்ளளவோ வரம்பை எட்டினாலோ அங்கேயே நிறுத்த வேண்டும். கொள்ளளவு 15 மி.மீ. பலூனுக்கு 4 மி.லி., 20 மி.மீ. பலூனுக்கு 6 மி.லி.

பலூனைச் சுருக்கியதும் நிமிர்ந்த எலும்பு கொஞ்சம் திரும்பவும் அமுங்கும். ஆகவே ஒரு பக்கப் பலூனை முட்டுக்கட்டையாக உள்ளேயே விட்டுவிட்டு, மறுபக்கத்தை முதலில் நிரப்புவது நல்ல பழக்கம்.

பலூனைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஆனால் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் முடிவாவது சிமெண்டின் பதத்தில்தான். இந்தச் சிமெண்டான பி.எம்.எம்.ஏ.யின் தூளையும் திரவத்தையும் கலந்த உடனே செலுத்தக் கூடாது. பளபளப்பு மங்கி, கையுறையில் ஒட்டாமல், பற்பசைபோல் கெட்டியாகும்வரை பொறுக்க வேண்டும். பிறகு 1.5 மி.லி. கொள்ளும் குழாய்களில் அடைத்து, கம்பியால் மெல்லத் தள்ள வேண்டும். சிமெண்டில் பேரியம் சல்பேட் கலந்திருப்பதால் அது போகும் பாதை திரையில் தெரியும். பின்சுவரை நோக்கி ஒரு கீற்று நகர்ந்தாலும் நிறுத்திவிட வேண்டும். கால்வாய்க்குள் போனால் நரம்பு நசுங்கும், சிரைக்குள் போனால் நுரையீரல்வரை போகும். உடல் சூட்டில் சிமெண்ட் சீக்கிரம் இறுகும். அதனால் மேசைமேல் உள்ள மிச்சம் இளக்கமாக இருக்கிறதே என்று நம்பி ஏமாறக் கூடாது. இறுகுமுன் குழாயை உருவினால், சிமெண்ட் வால்போல் பின்னால் நீண்டு நிற்கும்.

பலன் எவ்வளவு? 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான 300 பேர் ஆய்வில், கைபோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள் முதல் மாதத்தில், அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஓராண்டில் அந்த இடைவெளி குறைந்தது. அதில் போலிச் சிகிச்சையோடு, அதாவது சிமெண்டைச் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்வதோடு, ஒப்பீடு இல்லை. அதே ஆண்டு பலூன் இல்லாத வெர்ட்டிப்ரோபிளாஸ்டியைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகளில் வலி குறைவதில் வேறுபாடு தென்படவில்லை. ஆகவே முறிவு என்றதும் பலூனுக்கு ஓடக் கூடாது. மருந்துக்கும் ஓய்வுக்கும் அடங்காத வலியால் படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கே இதைப் பரிந்துரைப்பது நியாயம்.

பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடந்துவிடுவார்கள். சிமெண்ட் தாங்குவது அந்த ஓர் எலும்பை மட்டும். மேலும் கீழும் உள்ளவை முன்போலவே மெலிந்தவை. வீடு திரும்புமுன் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும், எலும்பை வலுவாக்கும் மருந்துக்கும், வைட்டமின் டி-க்கும் ஏற்பாடு ஆகியிருக்க வேண்டும். சில வாரம் கழித்துப் புதிதாக முதுகுவலி வந்தால், பழைய வலிதான் என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள், பக்கத்து எலும்பு உடைந்திருக்கலாம்.